நட்சத்திரம் தெரியாத கூரை

ஆட்டர் பெண்ட், மினசோட்டா
12 மே 1970

அன்பு எஸ்டெல்லுக்கு இஸ்ஸர் மாமா எழுதுவது.

என் வலது முழங்கால் நலம். இடது முழங்காலைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம் என்பதால் விட்டுவிடுகிறேன். நீயும் டெனிஸும் சுகமா? சிகாகோவின் ஏரிக்காற்று ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிறதாமே?

இப்போது ஒரு கதையைத் தொடங்கப்போகிறேன். வலது கையை உயர்த்தி, இடது கையில் காபிக் கோப்பையோடு சத்தியம் செய்கிறேன்: இதை நீ நம்பமாட்டாய். நீ வேலை பார்க்கும் நூலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எழுதுகிற எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் மாதம் நம் யூத ஜெபாலயத்தின் கூரை இடிந்து விழுந்தது. அதன்மேல் கிடந்த பனி நாற்பது அடி. செவ்வாய்க்கிழமை காலை, உள்ளே ஈ காக்காய் இல்லாத நேரம் பார்த்து விழுந்தது. நம் கூரைக்கு ஓய்வுநாளை மதிக்கத் தெரிந்திருக்கிறது. உன் அப்பா கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். இடிபாட்டுக்குள் புகுந்து மூன்று தோரா வேதச் சுருள்களையும் வெளியே கொண்டுவந்தார். ஈரம் படாமலிருக்க எதில் சுற்றினார் தெரியுமா? நம் கடையின் மூன்று புதுக் கம்பளிக் கோட்டுகளில். பொத்தான்களைக்கூடப் போட்டுவிட்டார். ஹெர்மன் ப்ளோட்கின் குட்டையான மூன்று கனவான்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறார் என்று நினைத்துத் தெருவில் போனவர்கள் தொப்பியைத் தூக்கினார்கள்.

அன்று மாலையே லுத்தரன் சபையின் போதகர் ஸோல்பெர்க் கடைக்கு வந்தார். தங்கள் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம் சனிக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது, வந்து ஜெபம் செய்யுங்கள் என்றார். நம் சபைத் தலைவரான உன் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இரண்டாம் வாரமே குடியேறிவிட்டோம். அவரும் சனிக்கிழமை வருகிறார், ஜெபம் முடிந்ததும் யாருடைய காபியையும் தொடாமல் பின்கதவு வழியாகப் போய்விடுகிறார்.

நூற்றிருபது வயது வரை நீ வாழ வேண்டும்.
உன் மாமா,
இஸ்ஸர்


சிகாகோ
19 மே 1970

அன்புள்ள மாமா,

இருவரும் நலம். உங்கள் இடது முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி டெனிஸ் எழுதச் சொன்னார்.

நூலகத்தில் பார்த்தேன். மினசோட்டாவில் நாற்பது அடிப் பனி பெய்ததாக எந்த வருடத்திலும் குறிப்பு இல்லை. ஆனால் கோட்டுப் போட்ட தோராச் சுருள்களை நினைத்து மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவால் மட்டும்தான் பொத்தானும் போட முடியும்.

ஒரே மண்டபத்தில் எப்படி இருக்கிறீர்கள்? சுவரில் சிலுவை இருக்குமே, என்ன செய்கிறீர்கள்? அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? எனக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. யூதரல்லாத டெனிஸை நான் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது. அப்பாவுக்குப் பதினேழு கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. இந்த அக்டோபரில் கூடாரப் பண்டிகைக்கு நாங்கள் இருவரும் ஊருக்கு வர ஆசைப்படுகிறோம். அழைக்காத வீட்டுக்கு டெனிஸைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்த எனக்கு மனமில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டுப் பார்ப்பீர்களா?

அன்புடன்,
எஸ்டெல்


ஆட்டர் பெண்ட்
9 ஜூன் 1970

அன்பு எஸ்டெல்,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் இப்போது நடனமாடுகிறது, நான் உட்கார்ந்திருக்கும்போதுகூட. உங்கள் இருவரின் உடம்பும் எப்படி?

சிலுவையைப் பற்றிக் கேட்டாய். முதல் சனிக்கிழமை அந்தச் சபையின் பெண்கள் அதன்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நமக்குச் சங்கடம் வேண்டாமென்று. அடுத்த வாரம் நம் பெண்கள் அந்தத் திரை கசங்கியிருக்கிறதென்று இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் கேள்வி கேட்கும் நோய் பற்றிக்கொண்டது. நேரில் கேட்க லுத்தரன்களுக்குக் கூச்சம். ஆகவே என் காலணிப் பிரிவிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, மண்டபத்தில் வைத்தேன். யாரும் பெயர் போடாமல் சீட்டு எழுதலாம். அவர்கள் கேள்விக்கு நான் பதில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். நம் கேள்விக்குப் போதகர். நம் மதகுருவான ரபி மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வருகிறார். உன் அப்பா பெட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆக உலக யூதர்களின் பிரதிநிதியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

குளிக்கும்போதும் தொப்பி போடுவீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆம், அதற்கென்றே துளையிட்ட தொப்பி உண்டு என்று எழுதினேன். உங்கள் ஆலயத்தில் முன்வரிசையில் ஏன் ஒருவரும் உட்காருவதில்லை என்று நம்மவர் கேட்டார். போதகர், "இருபது வருடமாக நானும் இதைத்தான் கேட்கிறேன்" என்று பதில் ஒட்டினார்.

கூடாரப் பண்டிகையைப் பற்றியும் ஒரு சீட்டு: நிஜமாகவே வெளியே குடில் கட்டி ஏழு நாள் அதில் சாப்பிடுவீர்களா, மழை பெய்தால் என்ன ஆகும்? நான் எழுதினேன்: போன வருடம் பெய்த மழையில் சூப் கிண்ணம் குளமாகி, ரபி அதில் மிதந்து, கரண்டியால் துடுப்புப் போட்டுப் பக்கத்து ஊர் எல்லை வரை போய்விட்டார். நாங்கள் பிறவியிலேயே நனைந்த மக்கள், பழகிவிட்டது. படித்துவிட்டு லுத்தரன் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உன் அப்பாவிடம் பேசினேன். "எஸ்டெல் எப்படி இருக்கா?" என்று கேட்டார். நல்ல அறிகுறி.

என் ஆசிகளோடு,
இஸ்ஸர் மாமா


சிகாகோ
15 ஜூன் 1970

மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

உங்கள் கடிதம் வந்ததும் கடைக்குத் தொலைபேசினேன். அப்பாதான் எடுத்தார். "அப்பா, நான்தான்" என்றேன். "தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டார்.

அவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை, இல்லையா?

எஸ்டெல்


ஆட்டர் பெண்ட்
20 ஆகஸ்ட் 1970

அன்பு எஸ்டெல்,

நலம். நலமறிய ஆவல். இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம், ஊரில் மை தீர்ந்துவிட்டது. மாநிலம் முழுவதும் தீர்ந்துவிட்டது.

பெட்டியைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் நீ விரும்புவது. போன வாரம் ஒரு சீட்டு விழுந்தது. "உங்களில் ஒருவருடைய மகள் வெளியே கல்யாணம் செய்துகொண்டால் அப்பா என்ன செய்வார்?" பெயரில்லை. ஆனால் தட்டையான, பட்டையான பென்சில் எழுத்து. அந்த மாதிரிப் பென்சிலைக் காதில் செருகியிருப்பவர் ஊரில் ஒருவர்தான்: ஆர்னே ஹௌகன், லுத்தரன் சபையின் தச்சர். மனிதர் ஒரு வாரத்துக்கு ஆறு வார்த்தை செலவழிப்பார். அதில் நான்கு நாயிடம். அவருடைய ஒரே மகள் ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு சியாட்டில் போனவள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவளைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கும் உன் மாமாவுக்கே. சீட்டை உன் அப்பாவின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். படித்தார். நான்காக மடித்து, அளவு நாடா வைத்திருக்கும் கையில்லா மேற்சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். அடுத்து வந்த வாடிக்கையாளரை இரண்டு முறை அளந்தார்.

டெனிஸுக்கு என் அன்பு.
இஸ்ஸர் மாமா


சிகாகோ
30 ஆகஸ்ட் 1970

மாமா, நாங்கள் நலம். அந்தச் சீட்டு இன்னும் பையில்தான் இருக்கிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும். வேறெதையும் சேர்க்காமல் எழுதுங்கள்.

எஸ்டெல்


ஆட்டர் பெண்ட்
16 செப்டம்பர் 1970

அன்பு எஸ்டெல்,

சீட்டு பையில்தான் இருக்கிறது. ஆனால் என் உடல்நலத்தை விசாரிக்காதே, இந்த வாரம் நான் உயிரோடு இருப்பதே அதிசயம்.

திங்கட்கிழமை மாலை போதகர் நம் ஆட்கள் எல்லோரையும் தேவாலயத்தின் பின்முற்றத்துக்கு அழைத்தார். அங்கே ஏதோ பெரிதாக, படுதாவால் மூடியிருந்தது. லுத்தரன்கள் வரிசையாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்னே ஹௌகன் கயிற்றை இழுத்தார், படுதா விழுந்தது.

கூடாரம். நமக்காக, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, ரகசியமாகக் கட்டியிருக்கிறார்கள். நோவாவின் பேழை இதன்முன் காகிதப் படகு. தேவதாரு மரச் சுவர்கள், திரைபோட்ட ஜன்னல்கள், அறுபது பேருக்கு மேஜை. கூரை? பலகைமேல் பலகை, அதன்மேல் தார்த்தாள், அதன்மேல் ஓடு. பதினோராயிரம் ஆணி. மழைநீர் ஓட நான்கு பக்கமும் தகரக் குழாய். "இனி ரபி மிதக்க மாட்டார்" என்றார் போதகர்.

கூடாரத்தின் கூரை வெட்டிய கிளைகளாலும் சோளத்தட்டைகளாலும் ஆனதாக இருக்க வேண்டும், உள்ளேயிருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது குழந்தையாக இருந்தபோதே உனக்குத் தெரியும். நான் சுவரில் ஒட்டிய பதிலில் ரபி இருந்தார், சூப் இருந்தது, கரண்டி இருந்தது. கூரையை எழுத மறந்துவிட்டேன்.

நாங்கள் கைதட்டினோம். வேறென்ன செய்வது? ஹௌகனின் மனைவி ஜன்னல் திரைகளைத் தானே தைத்ததாகச் சொன்னார். பிறகு நம்மவர் எல்லாம் கடையில் கூடினோம். பாதிப் பேர், வாயை மூடிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிடலாம், ஆண்டவருக்குத் தனியாக விளக்கிக்கொள்ளலாம் என்றார்கள். மீதிப் பேர், யார் வீட்டுக் கொல்லையிலாவது ஒளித்து இன்னொன்று கட்டலாம் என்றார்கள். உன் அப்பா எழுந்தார்.

"அது கூடாரம் இல்ல, வீடு. அதுல உட்கார்ந்து கூடாரம்னு நடிக்க மாட்டேன். ஒளிஞ்சும் கட்ட மாட்டேன். கலந்து பழகினா இப்படித்தான் ஆகும்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். போங்க, போய்ச் சொல்லுங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா மண்டபத்தைக் காலி பண்ணிடுவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

உன் துர்ப்பாக்கிய மாமா,
இஸ்ஸர்


சிகாகோ
20 செப்டம்பர் 1970

அன்புள்ள மாமா,

உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

கடிதத்தை டெனிஸுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ரகசியமா இவ்வளவு உழைச்சிருக்காங்களே" என்றார்.

போய்ச் சொல்லிவிடுங்கள். ரபி மிதக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டால், கலந்து பழகினால் இப்படித்தான் என்று அப்பா சொன்னது சரியாகிவிடும். அப்புறம் எனக்கும் டெனிஸுக்கும் அந்த ஊரில் எந்தக் கதவும் திறக்காது. உங்களுக்குப் புரிகிறதல்லவா? அந்த ஓடுகளுக்குக் கீழே நாங்களும்தான் இருக்கிறோம்.

அது சரி, தகரக் குழாய் நிஜமாகவே நான்கு பக்கமுமா?

எஸ்டெல்


ஆட்டர் பெண்ட்
25 செப்டம்பர் 1970, வெள்ளி, சூரியன் இறங்குமுன்

அன்பு எஸ்டெல்,

சுகமா? நான் சுகம். நான்கு பக்கமும்தான்.

நேற்று ஹௌகனின் பட்டறைக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ஒட்டகத்தைப் பற்றி ஒரு கதை வந்தது. அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ஒட்டகம் செங்கடலைத் தாண்டும் நேரத்தில் என் பின்னால் ஒருவர் செருமினார். உன் அப்பா. கையில் நம் கடை ஏணி.

"ஹௌகன், நீங்க போட்ட கூரையில ஒரு குறையும் இல்ல. அதான் குறை," என்றார். "எங்க கூடாரத்துல வானம் தெரியணும். இவன் அதைச் சொல்லாம விட்டுட்டான். தப்பு எங்களுது."

நாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் மனதுக்குள் மண்டபத்திலிருந்து நாற்காலிகளை வெளியே எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டேன். பிறகு அந்தத் தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எவ்வளவு தெரியணும்?"

"ராத்திரியில நட்சத்திரம் தெரியணும். ஆனா பகல்ல வெயிலைவிட நிழல் அதிகமா இருக்கணும்."

ஒரு பலகைத் துண்டில் கோடு போட்டுப் பார்த்தார். அழித்தார். மறுபடி போட்டார். "கஷ்டமான வேலைதான்," என்றார். அவர் முகம் அவ்வளவு பிரகாசமாகி நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமாக ஊரில் ஒழுகாத கூரையே போட்டவருக்கு, அளவாக ஒழுகும் கூரை ஒன்றைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது!

தேவாலய முற்றத்துக்குப் போனோம், இருவரும் கூடாரத்தின் மேலே ஏறினார்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஓடுகளைக் கழற்றினார்கள். நடுவில் உன் அப்பா பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"இது உங்களுதா?"

"ஆமா."

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

"எனக்கு மூணு." இன்னொரு ஓடு கழற்றியதும், "பதில் எனக்கும் தெரியல," என்றார்.

சூரியன் இறங்குகிறது, ஓய்வுநாள் தொடங்குமுன் பேனாவை வைக்க வேண்டும். கிளம்புவதற்குத் தயாராக இருங்கள்.

இஸ்ஸர் மாமா


சிகாகோ
29 செப்டம்பர் 1970

மாமா,

இருவரும் நலம். நம் யூதப் புத்தாண்டு வாழ்த்துகள்.

இந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜூன் மாதமும் இப்படித்தான் படித்தேன், பிறகு தொலைபேசியை எடுத்தேன். அப்பா அப்படிப் பேசுகிறவரா? வேற்று மனிதரிடம், கூரைமேல்?

நீங்கள் என்னைச் சந்தோஷப்படுத்த எழுதுகிறீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் பனியை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளுங்கள், ரபியை எங்கே வேண்டுமானாலும் மிதக்கவிடுங்கள். அப்பாவை மட்டும் கதையில் சேர்க்காதீர்கள். அங்கே உண்மையில் நடந்தது என்ன? அது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத ஒன்றுமில்லை என்றால், நாங்கள் இங்கேயே பண்டிகையைக் கழித்துக்கொள்கிறோம்.

எஸ்டெல்


ஆட்டர் பெண்ட்
4 அக்டோபர் 1970

அன்பு எஸ்டெல்லுக்கு,

உங்கள் இருவரின் நலமறிய ஆவல். எனக்கு முழங்கால் இரண்டும் சாதாரணமாக வலிக்கிறது.

சரி. பனி நாற்பது அடி இல்லை, நான்கு. ரபி மிதக்கவில்லை, அவர் தொப்பியில் இரண்டு சொட்டு விழுந்தது. ஆணி முந்நூறு இருக்கலாம். மேஜையில் அறுபது பேர் உட்கார முடியாது, நெருங்கி உட்கார்ந்தால் இருபது பேர். தகரக் குழாய் ஒரு பக்கம்தான். ஜூன் மாதம் உன் அப்பா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. பொய் என்று தெரிந்தேதான் அதை எழுதினேன். மன்னித்துவிடு.

அவர் ஏணியோடு வந்ததற்கு ஹௌகனின் நாய் சாட்சி. ஆனால் கூரைமேல் அவர்கள் பேசியது? ஏணியடியில் நான் நின்றேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. அந்த ஆறும் மூன்றும் நான் எழுதியவை. அவர்கள் வாய் திறந்தார்களா என்பதற்கே என்னால் சத்தியம் செய்ய முடியாது. இறங்கியபோது இருவரும் மண்டபத்துக்குள் போய் ஆளுக்கொரு கோப்பை காபி குடித்தார்கள், அவ்வளவுதான். உன் அப்பா முன்கதவு வழியாக வெளியே வந்தார்.

இன்று காலை ஹௌகன் சோளத்தட்டைகளைப் பரப்பி முடித்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க உன் அப்பா போய் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு, உதடு நீலமாகிக் கடைக்குத் திரும்பினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டுகள் தொங்கும் கம்பியின் முன் நின்றார்.

"பதினாலாம் தேதி, பண்டிகை முதல் ராத்திரி, அங்க குளிர் கொல்லும், இஸ்ஸர். கூரையே இல்ல."

ஆமாம் என்றேன்.

ஒரு கோட்டைத் தள்ளினார். இன்னொன்றைத் தள்ளினார். சாம்பல் நிறத்தில் கனமான ஒன்றை வெளியே எடுத்து, தோளை விரித்துப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு மார்பளவு என்ன?"

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. உன் அளவை அவர் கேட்கவில்லை; அது அவருக்கு மனப்பாடம்.

எஸ்டெல், மே மாதத்திலிருந்து நான் உனக்கு எழுதியதில் எதை வேண்டுமானாலும் கிழித்துப்போடு. இந்த ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜமாகவே நடந்தது. டெனிஸின் மார்பு, தோள், கை நீளம் மூன்றையும் அளந்து உடனே தபாலில் போடு. கூட்டிக் குறைத்து எழுதாதே. அளவு விஷயத்தில் உன் அப்பா யாரையும் மன்னிக்கமாட்டார்.

இஸ்ஸர் மாமா